ஓட்டை போட்ட டிஸ்க்குகள்

பெரியப்பா காலமாகி ஏழு வருடம் கழித்து, அவருடைய அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே பதினான்கு ஃபிளாப்பி டிஸ்க்குகள், எல்லாமே மூன்றரை அங்குலம். லேபிள்களில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 'நினைவுகள் 1', 'நினைவுகள் 2' என்று பதினான்கு வரை எழுதியிருந்தது. 1995இலும் 1996இலும் அவர் நோட்டில் எழுதித் தருவார், நான் ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு அத்தியாயத்தோடும் இரண்டு பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து அதே டிஸ்க்கில் சேர்ப்பேன். படங்கள் பெரியவை. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு டிஸ்க் என்று சரியாக நிறைந்துவிடும். நோட்டுகளைப் பின்னாளில் கறையான் தின்றுவிட்டது. அவர் எழுதியதில் மிச்சம் இந்தப் பதினான்கு டிஸ்க்தான்.

பெட்டியைத் திறந்ததும் லேபிளைப் பார்க்கவில்லை. டிஸ்க்கின் மூலையைத்தான் பார்த்தேன். மூன்றரை அங்குல டிஸ்க்கின் ஒரு மூலையில், எழுதுவதைத் தடுக்கும் சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். ஹை டென்சிட்டி டிஸ்க் என்றால் எதிர் மூலையிலும் ஒரு சதுர ஓட்டை இருக்கும். தொழிற்சாலையில் வார்க்கும்போதே வைத்தது, ஓரமெல்லாம் நறுக்கென்று இருக்கும். பதினான்கில் மூன்று டிஸ்க்குக்கு அப்படிப்பட்ட ஓட்டை. மற்ற பதினொன்றுக்கும் வட்ட ஓட்டை. ஓரம் உருகி, சுற்றிலும் மேடு கட்டி, ஒன்றிரண்டில் லேசாகக் கருகியும் இருந்தது. சால்டரிங் அயர்னைப் பழுக்கவைத்து நான் போட்ட ஓட்டைகள் அவை.

அந்த நாளில் பலரும் செய்த காரியம் இது. டபுள் டென்சிட்டி டிஸ்க்கில் 720 கேபிதான் பிடிக்கும், ஹை டென்சிட்டியில் 1.44 எம்பி. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் அந்த ஒரு ஓட்டைதான் வித்தியாசம். டிரைவுக்குள் ஒரு குட்டி ஊசி அந்த ஓட்டையைத் தடவிப் பார்க்கும். ஓட்டை இருந்தால் ஹை டென்சிட்டி, இல்லையென்றால் டபுள். அப்படியானால் நாமே ஓட்டை போட்டுவிட்டால்? போட்டேன். ஃபார்மட் கொடுத்தேன், அதாவது எழுதுவதற்கு டிஸ்க்கைத் தயார் செய்தேன். 1.44 எம்பி முழுசாக வந்தது, ஒரு பேட் செக்டார்கூட இல்லை. டிஸ்க்கில் எழுதும் வட்டப் பாதை டிராக், அதில் ஒரு துண்டு செக்டார். படங்களை ஏற்றினேன், அத்தியாயத்தை ஏற்றினேன், திரும்பத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார்: "ஏம்ப்பா, இதுல பத்திரமா இருக்கும்ல?" இருக்கும் பெரியப்பா என்றேன்.

ஓட்டை என்பது வெறும் அடையாளம். விஷயம் பூச்சில் இருக்கிறது. காந்தப் பூச்சு எவ்வளவு பலமான புலத்துக்கு மசியும் என்பதைப் பாடப்புத்தகம் காந்த நீக்குத்திறன் என்று சொல்லும்; பூச்சின் பிடிவாதம் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். மூன்றரை அங்குல டபுள் டென்சிட்டிப் பூச்சின் பிடிவாதம் சுமார் 600 ஓர்ஸ்டெட் (அதை அளக்கும் அலகு). ஹை டென்சிட்டிக்கு 700க்கு மேல். ஹை டென்சிட்டிப் பூச்சு மெல்லியதும்கூட. ஒரு சுற்றில் 9 செக்டார் எழுதவேண்டிய இடத்தில் 18 எழுதும்போது, வடக்கும் தெற்கும் மாறி மாறி மிக நெருக்கமாக உட்காரும். பிடிவாதம் குறைந்த, தடித்த பூச்சில் அப்படி எழுதினால் பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். எழுதிய அன்று நன்றாகத்தான் படிக்கும். ஒரு வருடத்தில் இரண்டு மூன்று செக்டார் தடுமாறும். இருபது வருடத்தில் என்ன ஆகும் என்று பார்க்கும் வேலைதான் என் தலையில் விழுந்தது.

இதில் என்னை ஏமாற்றியது எது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் டபுள் டென்சிட்டிப் பூச்சு ஏறக்குறைய 300 ஓர்ஸ்டெட், ஹை டென்சிட்டி அதைப் போல இரண்டு மடங்கு. அங்கே மாற்றிப் போட்டால் ஃபார்மட் செய்யும்போதே வண்டி நின்றுவிடும். பேட் செக்டாராகக் கொட்டும், இல்லை டிராக் 0, அதாவது வெளி ஓரத்து முதல் டிராக், கெட்டது என்று சொல்லி நிறுத்திவிடும். மூன்றரையில் வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் வித்தியாசத்தால்தான் தப்பு செய்த அன்று தெரியாமல், பல வருடம் கழித்துத் தெரிகிறது. உடனே கெடுகிற டிஸ்க் நல்ல டிஸ்க் என்றே சொல்வேன். அது யாருடைய எழுத்தையும் கொண்டு போவதில்லை.

எனக்கு இது தெரியாமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறும். பெரியப்பாவின் டிஸ்க்குகளுக்கு ஐந்து வருடம் முன்பே, வேலை பார்த்த இடத்தில் டென்சிட்டி எனக்குப் பாடம் நடத்தியிருந்தது.

அங்கே இரண்டு மிஷின் இருந்தன. ஒன்றில் 360 கேபி பிடிக்கும் ஐந்தேகால் அங்குல டிரைவ், 360 கே என்போம். இன்னொன்று பிசி/ஏடி வகை, 1.2 எம்பி டிரைவ் வைத்தது. ஐபிஎம் அந்த டிரைவை 1984இல் ஏடியோடு கொண்டுவந்தது. இரண்டுக்கும் டிஸ்க் ஒரே அளவு, ஒரே உறை. பழைய மிஷினில் எழுதியதைப் புதியது அழகாகப் படிக்கும். புதியதில் திருத்திக் கொண்டுபோனால் பழையது சில சமயம் படிக்கும், சில சமயம் 'செக்டார் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். கீழே 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று கேள்வி. இருபது தடவை ரீட்ரை கொடுத்தால் ஒரு தடவை வரும். டிஸ்க் மட்டம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டோம். புதுப் பெட்டி வாங்கினோம். அதுவும் அப்படியே.

எங்கள் சீனியர் ஒருவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காகிதம் எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். 360 கே டிரைவில் டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்கு 40 டிராக். 1.2 எம்பி டிரைவில் அதே இடத்தில் 80. அதனால் அதன் ஹெட், அதாவது எழுதிப் படிக்கும் முனை, பாதி அகலம்தான். 360இன் டிராக் சுமார் 0.33 மில்லிமீட்டர் அகலம் என்றால், 1.2இன் டிராக் அதில் பாதி. அகலக் கலப்பை ஓட்டிய சாலுக்குள் ஒல்லிக் கலப்பையை ஓட்டினால் நடுவில் மட்டும் புது மண் புரளும், இரண்டு ஓரத்திலும் பழைய மண் கிடக்கும். ஒல்லி ஹெட் நடுவை மட்டும் பார்ப்பதால் அதற்குக் குழப்பமே இல்லை. அகல ஹெட் திரும்பி வரும்போது நடுவில் இருக்கும் புதியதையும் ஓரத்தில் இருக்கும் பழையதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. இரண்டும் கலந்தால் வருவது வெறும் இரைச்சல்.

தீர்வும் அவரே சொன்னார். இதுவரை யாருமே எழுதாத புது டபுள் டென்சிட்டி டிஸ்க்கை எடு, அல்லது பழைய டிஸ்க்கைக் காந்த அழிப்பான் கொண்டு முழுசாக அழி. ஏடி மிஷினில் ஃபார்மட் ஏ: என்று அடித்து அதோடு /4 சேர். அதில் மட்டும் எழுது. அப்போது ஓரத்தில் பழைய மண் இருக்காது. அகல ஹெட்டுக்குச் சிக்னல் கொஞ்சம் சன்னமாக வந்தாலும் சுத்தமாக வரும். அந்த டிஸ்க்கில் 360 டிரைவ் ஒரு தடவை எழுதிவிட்டதா, அதன்பிறகு ஏடியில் அதை வெறுமனே படி, எழுதாதே. இதைச் செய்த நாளிலிருந்து பிரச்சினை போயே போய்விட்டது. ஃபார்மட் மட்டும் புதிதாகக் கொடுத்தால் போதும் என்று நினைத்ததுதான் எங்கள் தப்பு. ஒல்லி ஹெட்டால் எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் ஓரம் ஓரமாகவேதான் கிடக்கும்.

அப்புறம் அவர் சொன்ன ஒரு வார்த்தை: "எழுதின மிஷின்லயே படிச்சுப் பார்த்துட்டு சரின்னு சொல்லாத. போற இடத்து மிஷின் படிக்கணும்." அன்றைக்கு அதை 360, 1.2 சங்கதியாக மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்றரை அங்குலம் வந்ததும் அந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்று நம்பிவிட்டேன். அதில் 720க்கும் 1.44க்கும் ஒரே 80 டிராக், ஒரே சுழற்சி வேகம், நிமிடத்துக்கு 300 சுற்று. கலப்பைப் பிரச்சினை உண்மையிலேயே கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் அயர்னைச் சூடாக்கினேன்.

மூன்றரையிலும் வேறு குழப்பங்கள் உண்டு. சில பழைய 1.44 டிரைவ்களில் ஓட்டையைப் பார்க்கும் ஊசியே கிடையாது. அவை ஓட்டை இல்லாத டபுள் டென்சிட்டி டிஸ்க்கையும் 1.44 ஆக ஃபார்மட் செய்துவிடும். அதே டிஸ்க் ஊசி உள்ள டிரைவுக்குப் போனால், ஓட்டை இல்லையே, இது 720 என்று எடுத்துக்கொண்டு தடுமாறி 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று நிற்கும். மறுபக்கம், ஹை டென்சிட்டி டிஸ்க்கின் ஓட்டையில் டேப் ஒட்டி 720 ஆக எழுதியவர்களும் உண்டு. பின்னாளில் பசை காய்ந்து டேப் விழுந்துவிட்டால் டிரைவ் அதை 1.44 என்று நினைத்துப் படிக்கப் பார்க்கும், ஒன்றும் கிடைக்காது. பழைய டிஸ்க் ஒன்று படிக்கவில்லை என்றால் முதலில் மூலையைப் பாருங்கள். எழுதிய காலத்தில் ஓட்டை எப்படி இருந்ததோ அதே நிலையில் வைத்துப் படிக்க வேண்டும். காய்ந்த பசைத் தடம் தெரிந்தால் புது டேப் ஒட்டிப் பாருங்கள். நான் ஓட்டை போட்ட டிஸ்க்கில் 'தப்பைத் திருத்துகிறேன்' என்று ஓட்டையை அடைத்திருந்தால் அது படிக்கவே படித்திருக்காது.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதல் நாள் ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் மூன்றாம் டிஸ்க்கைச் செருகினேன். கர் கர் என்று இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு, டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று திரையில் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பழக்கதோஷத்தில் ஆம் என்று அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். டிஸ்க் காலி என்று அது சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை என்றுதான் சொல்கிறது. உடனே வெளியே எடுத்து, பதினான்கிலும் எழுதுதடைத் தாழ்ப்பாளைத் திறந்துவைத்தேன். மூன்றரையில் தாழ்ப்பாள் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகாலில் இது நேர்மாறு: விளிம்பு வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் எழுத முடியாது. அவசரத்தில் இது மாறிப்போகும்.

அடுத்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உலோக மூடியை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் நடுத்தகட்டைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்கு வரும். ஐந்தாவதில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகள். எட்டாவதில் வெளி ஓரத்துக்குப் பக்கத்தில் மெல்லிய வளையக் கீறல் ஒன்று. அந்த டிஸ்க்கைத் தட்டினால் உறைக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் கறுப்புத் துணுக்கு விழுந்தது. நான் உருக்கிய பிளாஸ்டிக். ஓட்டை போட்டபோது உதிர்ந்தது, இத்தனை வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது. அந்த இரண்டையும் உறை பிரித்துப் படலத்தை எடுத்து, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்து, வேறு சுத்தமான உறைக்குள் வைத்தேன். பூஞ்சை டிஸ்க்கை அப்படியே செருகினால் ஹெட்டில் அப்பிக்கொள்ளும்; அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறும். அதனால் ஒவ்வொரு டிஸ்க்குக்குப் பிறகும் ஹெட்டைத் துடைத்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்கக் கூடாது.

யுஎஸ்பி டிரைவை அதோடு ஒதுக்கிவிட்டேன். அது செக்டார் வந்தது, வரவில்லை என்று மட்டும் சொல்லும். வராததில் என்ன இருந்தது என்று காட்டாது. பழைய கணினிகளிலிருந்து கழற்றிய 34 பின் ரிப்பன் கேபிள் டிரைவ்கள் மூன்று சேர்த்தேன். கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை ஒன்றை வாங்கினேன். அது செக்டாரைப் பற்றிக் கவலைப்படாது. ஹெட்டுக்கு அடியில் காந்தத் திசை எந்தெந்தக் கணத்தில் மாறியது என்பதை அப்படியே பதிவு செய்யும். பிற்பாடு அந்தப் பதிவை வைத்துக்கொண்டு, டிஸ்க்கைத் தொடாமலேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் அலசலாம். ஒரு சுற்றுக்கு 0.2 நொடி. ஒரு டிராக்குக்கு ஐந்து சுற்று, இரண்டு பக்கமும் சேர்த்து 160 டிராக் என்றால் ஒரு டிஸ்க்குக்கு மூன்று நிமிடம் போதும். தேய்ந்துபோன பூச்சை ரீட்ரை ரீட்ரை என்று அரை மணி நேரம் உரசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஓட்டை போட்ட பதினொன்றில் நான்கு முழுசாக வந்தன. மற்ற ஏழையும் வரைபடமாகப் பார்த்தபோது ஒரே மாதிரிக் காட்சி. படித்த செக்டார் பச்சை, படிக்காதது சிவப்பு. வெளி டிராக்குகள் பெரும்பாலும் பச்சை. உள்ளே போகப் போகச் சிவப்புப் புள்ளி. எழுபதாம் டிராக்குக்கு மேல் சிவப்புக் கொத்து. காரணம் எளிது. எல்லா டிராக்கிலும் அதே 18 செக்டார்தான். ஆனால் நடுவை நெருங்க நெருங்க வட்டம் சின்னதாகிறது, பிட்டுகள் இன்னும் நெருக்கி உட்கார வேண்டியிருக்கிறது. 79ஆம் டிராக்கில்தான் நெருக்கடி அதிகம், அந்தப் பூச்சால் தாங்க முடியாத இடமும் அதுதான்.

அங்கே என்ன இருந்தது என்று நினைத்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. காலி டிஸ்க்கில் டாஸ் (அந்தக் கால இயங்குதளம்) வெளியிலிருந்து உள்ளே வரிசையாக இடம் கொடுத்துக்கொண்டே போகும். நான் எப்போதும் படங்களை முதலில் காப்பி செய்வேன், அத்தியாயத்தைக் கடைசியில். பெரியப்பாவின் எழுத்து முழுக்க, ஒவ்வொரு டிஸ்க்கிலும், மிக மோசமான இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. படங்கள் பத்திரமாக இருந்தன. இன்றைக்கும் யாராவது பழைய மிஷினுக்காக ஃபிளாப்பி எழுதுகிறீர்கள் என்றால், உயிரான கோப்பை முதலில் ஏற்றுங்கள், டிஸ்க்கை விளிம்புவரை நிறைக்காதீர்கள்.

ஒரு விஷயம் காப்பாற்றியது. அத்தியாயங்களைச் சுருக்கி ஜிப் செய்யவில்லை, வெறும் எழுத்துக் கோப்பாகவே வைத்திருந்தேன். 1.44இல் ஒரு செக்டார் போனால் 512 பைட்தான் போகும். அந்தக் காலத் தமிழ் எழுத்துருவில் அது ஐம்பது அறுபது சொல். பத்தியின் நடுவில் ஒரு பள்ளம், அப்புறம் மறுபடி அவர் குரல் தொடரும். ஜிப்பாக இருந்திருந்தால் ஒரு செக்டாருக்காக அத்தியாயமே போயிருக்கும்.

மிச்சம் மூன்று டிஸ்க், 12, 13, 14. இவை அசல் ஹை டென்சிட்டி, சதுர ஓட்டை. இவற்றில் கவலையே இல்லை என்று கடைசிக்கு வைத்திருந்தேன். மூன்று டிரைவிலும் ஒன்றுகூடப் படிக்கவில்லை. பூச்சு பளபளவென்று இருந்தது, பதிவில் சிக்னலும் இருந்தது, ஆனால் எல்லா டிராக்கிலும் சன்னமாக, கலங்கலாக. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கடைசி மூன்று அத்தியாயங்களை என் மிஷின் பழுதானபோது வேறொரு மிஷினில் எழுதினேன். அதன் டிரைவில் ஹெட் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறது. அங்குலத்துக்கு 135 டிராக் என்றால் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் பாதி நகர்ந்தாலும் ஹெட் இரண்டு டிராக்குக்கு நடுவே ஓடும். அந்த டிரைவ் தான் எழுதியதைத் தானே படித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது குப்பைக்குப் போன அன்றைக்கே இந்த மூன்று டிஸ்க்கும் ஊமையாகிவிட்டன. அண்ணே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்று டிரைவில் ஒன்றைப் பலி கொடுக்கத் தீர்மானித்தேன். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் இரண்டு திருகுகளை லேசாகத் தளர்த்தி, மோட்டார் உடம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே ஒரே டிராக்கைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தேன். பழைய நிலையைத் திருப்புவதற்கு முன்பே ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் திருப்பியதில் இன்னும் மோசமானது. மறுபக்கம் திருப்பியபோது 18இல் 2 செக்டார் வந்தது, அப்புறம் 7, அப்புறம் 18. திருகை இறுக்கினேன். மூன்று டிஸ்க்கும் ஒரு செக்டார் குறையாமல் வந்தன. இதை நல்ல டிரைவில் செய்யாதீர்கள். அதற்கப்புறம் அந்த டிரைவ் மற்ற எந்த டிஸ்க்கையும் ஒழுங்காகப் படிக்காது.

சிவப்புப் புள்ளிகளோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். ஒரு டிரைவ் தராத செக்டாரை இன்னொன்று தருகிறது. ஹெட்டின் உணர்திறன் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகிறது. ஐந்து சுற்றுக்குப் பதில் இருபது சுற்று பதிவு செய்து, எந்தச் சுற்றில் செக்டாரோடு எழுதப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதோ அந்தச் சுற்றிலிருந்து அந்தச் செக்டாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் 214 செக்டார் வராமல் இருந்தது. இப்போது 37.

அதில் இரண்டு ஒன்பதாம் டிஸ்க்கில், 77ஆம் டிராக்கில் இருக்கின்றன. ஊரை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றிய பத்தி. "அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாலம் வந்ததும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து" என்று வரி ஓடுகிறது. அதோடு நின்றுவிட்டு, 1,024 பைட் தள்ளி, "அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை" என்று தொடர்கிறது. அந்த டிராக்கின் மூலப்பதிவை மூன்று டிரைவிலிருந்தும் எடுத்து, ஒன்றைக்கூட அழிக்காமல் தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறேன். நான்காவது டிரைவ் ஒன்று அடுத்த வாரம் கிடைக்கும். வந்ததும் முதலில் ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒன்பதாம் டிஸ்க்கைத்தான் போடப் போகிறேன்.